அரசு நிலம் எடுக்கும்போது உங்கள் பத்திரம் என்ன சொல்கிறது? நில எடுப்பு ஷரத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு நில எடுப்பு வெளியூர்ச் செய்தி அல்ல. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. சுரங்கத்துக்காக நிலம் கேட்பது இன்றும் நிற்கவில்லை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினத்துக்கு ஒரு நான்கு வழிச்சாலை. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகத் தஞ்சாவூருக்கு இன்னொன்று. இவற்றின் ஓரத்தில் யாருக்காவது ஒரு கடையோ கால் காணியோ போகாத குடும்பம் இங்கே குறைவு.

நான் பத்திரம் எழுதுபவன். நோட்டீஸ் வந்த பிறகு கையில் பழைய வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளையும், நோட்டீஸ் வருவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

'கண்டெம்னேஷன் கிளாஸ்' என்று இணையத்தில் படித்தேன். அது என்ன?

அமெரிக்கச் சொல். பொதுக் காரியத்துக்காக அரசு தனியார் நிலத்தை எடுத்துக்கொள்வதை அங்கே 'கண்டெம்னேஷன்' என்கிறார்கள். நியாயமான இழப்பீடு தராமல் எடுக்கக் கூடாது என்பதை 1791-இல் வந்த ஐந்தாவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆனால் அந்த இழப்பீட்டில் உரிமையாளருக்கு எவ்வளவு, வாடகைதாரருக்கு எவ்வளவு, கடன் கொடுத்த வங்கிக்கு எவ்வளவு என்பதை அவர்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான் பெரிதும் முடிவு செய்கிறது. அதற்காக வாடகை, அடமானப் பத்திரங்களில் எழுதும் ஒரு பத்திதான் இந்த 'கிளாஸ்'.

நம் ஊர்ப் பத்திரங்களில் இதற்கு நிலைத்த பெயர் இல்லை, பத்தியும் பெரும்பாலும் இல்லை. நான் இதை நில எடுப்பு ஷரத்து என்று எழுதுகிறேன்.

இந்த ஷரத்து இருந்தால் அரசு என் நிலத்தை எடுக்க முடியாதா?

எடுக்க முடியும். இரண்டு பேர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரம் மூன்றாவதாக வரும் அரசைக் கட்டுப்படுத்தாது.

சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை அங்கிருந்து எடுத்து, 300-அ பிரிவில் வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஒரு வரிதான் என்றாலும் அதற்குள் நிறைய இருக்கிறது என்று 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நோட்டீஸ் தர வேண்டும், ஆட்சேபணையைக் கேட்க வேண்டும், காரணம் சொல்லி முடிவெடுக்க வேண்டும், பொதுப் பயன் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும், காலத்தோடு நடத்த வேண்டும், முறையாக முடித்து வைக்க வேண்டும் என ஏழு உரிமைகளை எண்ணிச் சொன்னது. அரசுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கும் அரண் இதுதான். ஷரத்து வேறொரு பக்கத்தைக் காக்கிறது.

எந்தப் பக்கத்தை?

என் பெரியப்பாவின் கதையைச் சொன்னால் விளங்கும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் அவருக்கு மூன்று கடைகள். நடுக்கடையில் பதினெட்டு ஆண்டுகளாக ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். பெரியப்பா அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு போகும், அங்கிருந்து பலகாரம் வரும். ஷட்டர், தரை ஓடு, பின்பக்கத் தகரக் கொட்டகை எல்லாம் அந்தத் தம்பி தன் பணத்தில் போட்டது. வாடகை ஒப்பந்தம் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதி, புதுப்பிக்காமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அளவையர்கள் வந்து சுவரில் சிவப்புப் பெயின்டால் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். பதினாறு அடி ஆழமுள்ள கடையில் ஒன்பது அடி சாலைக்கு. சரியாகப் பால் சட்டி கொதிக்கும் மேடையின் நடுவே கோடு போயிற்று.

இழப்பீட்டு உத்தரவு வந்தபோது கட்டடத்துக்கான தொகை மொத்தமாகப் பெரியப்பா பெயரில் இருந்தது. "ஷட்டரும் ஓடும் நான் போட்டதுதானே அண்ணே" என்றார் தம்பி. "கடை என்னுடையது" என்றார் பெரியப்பா. இரண்டுமே உண்மை. தம்பி ஆட்சேபணை மனு கொடுத்தார். பங்கு பிரிப்பதில் தகராறு என்றால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3-எச் பிரிவுப்படி அதிகாரி அதை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார். கட்டடத்துக்கான பணம் முழுவதும் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தது. மூன்று ஆண்டுகள் இருவருக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. கடை பாதி இடிந்து நின்றது. சீரமைக்கப் பணம் இல்லை. பெரியப்பா முழு வாடகை கேட்டார். பாதிக் கடைக்கு எப்படி முழு வாடகை என்று தம்பி நிறுத்திவிட்டார்.

அரசு செய்த தவறு என்று இதில் எதுவும் இல்லை. எழுதாமல் விட்ட நான்கு வரிகள் செய்த வேலை இது. அந்த ஒப்பந்தத்தை எழுதியது நான் அல்ல. ஆனால் எழுதியிருந்தாலும் அந்தக் காலத்தில் நானும் இந்த வரிகளைச் சேர்த்திருக்க மாட்டேன். அந்த வருத்தத்தில்தான் இப்போது என்னிடம் வருகிற ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் சேர்க்கிறேன்.

அந்த வரிகளை எப்படி எழுதுவது?

கடை வாடகைக்கு நான் எழுதும் வாசகம் இது:

"மேற்படி சொத்து முழுவதையுமோ ஒரு பகுதியையோ மத்திய, மாநில அரசோ, உள்ளாட்சி அமைப்போ, சட்டப்படி அதிகாரம் பெற்ற வேறு எவருமோ கையகப்படுத்தும்பட்சத்தில், முழுவதும் எடுக்கப்பட்டால் சுவாதீனம் ஒப்படைக்கும் தேதியோடு இந்த ஒப்பந்தம் முடிவுக்கு வரும். ஒரு பகுதி எடுக்கப்பட்டால் மீதமுள்ள பரப்புக்கு ஏற்ப அன்று முதல் வாடகை குறையும். மீதி இடம் தொழிலுக்குப் பயன்படாது என்றால் வாடகைதாரர் முப்பது நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து விலகலாம். நிலத்துக்கும், உரிமையாளர் கட்டிய கட்டடத்துக்கும் உரிய இழப்பீடு உரிமையாளரைச் சேரும். கீழ்க்கண்ட அட்டவணையில் கண்டபடி வாடகைதாரர் தன் செலவில் அமைத்தவற்றுக்கும், அவர் தொழில் இழப்புக்கும், இடம் மாறும் செலவுக்கும் உரிய இழப்பீடு வாடகைதாரரைச் சேரும். முன்பணம் சுவாதீனம் ஒப்படைத்த பதினைந்து நாளுக்குள் திருப்பித் தரப்படும். நில எடுப்பு சம்பந்தமாக எவருக்கு அறிவிப்பு வந்தாலும் ஏழு நாளுக்குள் மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும்."

அட்டவணையை விட்டுவிடாதீர்கள். ஷட்டர், தரை ஓடு, மின் இணைப்பு, போர்வெல், கொட்டகை, யார் போட்டது, எந்த ஆண்டு. தகராறு வருவது அங்கேதான். கடைசி வரியும் முக்கியம். உரிமையாளர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார், நோட்டீஸ் கடைக்கு வரும், கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடக்கும். ஆட்சேபணைக்கான நாள் அதற்குள் போய்விடும்.

நான் கடையின் உரிமையாளர். வாடகைதாரருக்கு ஏன் இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும்?

அமெரிக்க மாதிரிகள் சிலவற்றில் வாடகைதாரர் எல்லா உரிமையையும் விட்டுவிடுவதாக எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, இங்கே அது வேலைக்கும் ஆகாது. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நிலம் இல்லாதவரையும் பார்க்கிறது. நில எடுப்புக்கு முன் மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த வாடகைதாரர், குத்தகைதாரர், பங்கு விவசாயி, கூலித் தொழிலாளி ஆகியோரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. எல்லாவற்றையும் எனக்கே என்று எழுதினால் அவர் எதிர்ப்பார், பணம் முடங்கும். அவருடையதை அவருக்கு என்று எழுதினால் உங்களுடையது உங்களுக்கு உடனே வரும்.

இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதே சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, பங்கை எப்படிப் பிரிப்பது என்று சம்பந்தப்பட்டவர்கள் ஒத்துக்கொண்டால், ஆட்சியர் அதை இழப்பீட்டு உத்தரவிலேயே குறிப்பிட வேண்டும். அவர்களுக்குள் அதுவே முடிந்த முடிவு. ஒத்துக்கொள்ளாவிட்டால் 76-ஆவது பிரிவின் கீழ் விவகாரம் மேலே போகலாம்.

எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதனால் என்ன வேறுபாடு?

நோட்டீஸின் முதல் வரியைப் படியுங்கள். சட்டத்தின் பெயரும் பிரிவும் அங்கே இருக்கும். நாள் கணக்கு அதைப் பொறுத்துத்தான்.

2013 சட்டம் என்றால், முதல்நிலை அறிவிக்கை வெளியான 60 நாளுக்குள் ஆட்சேபணை. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் 21 நாள்தான். இந்த வேறுபாடு தெரியாமல் "இன்னும் நாள் இருக்கிறது" என்று இருந்தவர்கள் பலர்.

தமிழ்நாட்டில் இன்னொரு வகையும் உண்டு. தொழில் நோக்கங்களுக்கான 1997 சட்டம், 2001-ஆம் ஆண்டின் மாநில நெடுஞ்சாலைச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978 சட்டம் ஆகிய மூன்றையும் மாநில அரசு தனியே வைத்துக்கொண்டது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இந்த மூன்றில் ஒன்றின் பெயர் நோட்டீஸில் இருந்தால், 2013 சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீட்டை, அதாவது எடுப்பதால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே நடத்தும் ஆய்வை, எதிர்பார்க்காதீர்கள். இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டத்தின் வழியே வரும்.

இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதிவுத்துறை நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு ஒன்று. சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை அதிகமான பாதியை எடுத்து அதன் சராசரி இன்னொன்று. இவற்றில் எது அதிகமோ அது சந்தை மதிப்பு. கிராமப்புறம் என்றால் ஒன்று முதல் இரண்டு வரை மாநில அரசு நிர்ணயித்த எண்ணால் பெருக்குவார்கள். அதோடு கட்டடம், மரம், பயிர் மதிப்பைக் கூட்டி, கூட்டிய தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை தர வேண்டும். அதற்கு மேல் சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம்.

நிலம் 10 லட்சம், பெருக்கும் எண் ஒன்று, மரமும் கிணறும் 1 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 லட்சத்தோடு இன்னொரு 11 லட்சம் சேர்ந்து 22 லட்சம். 12 சதவீதம் தனி.

இங்கே மனம் வலிக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முத்திரைத் தீர்வைக்குப் பயந்து நாம் கிரயத்தைக் குறைத்துக் காட்டிப் பதிவு செய்கிறோம். சென்ட் ஒரு லட்சத்துக்கு வாங்கியதை முப்பதாயிரம் என்று எழுதுகிறோம். நில எடுப்பு வரும்போது சராசரி எடுக்கப்படுவது அந்த முப்பதாயிரங்களிலிருந்துதான். உங்கள் பத்திரம் உங்களை மட்டும் தாழ்த்துவதில்லை, ஊரையே தாழ்த்துகிறது. உண்மை விலையை எழுதுங்கள் என்று சொல்லும்போது என்னிடம் கோபித்துக்கொண்டு வேறு எழுத்தரிடம் போனவர்கள் உண்டு. மறுபடியும் சொல்கிறேன், உண்மை விலையை எழுதுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்குப் பலா, முந்திரி. மரத்துக்கு என்ன தருவார்கள்?

மரங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. தோட்டக்கலை, வனம், வேளாண்மை தெரிந்தவர்களைக் கொண்டு மதிப்பிட 2013 சட்டத்தின் 29-ஆவது பிரிவு வழி செய்கிறது. காய்க்கும் பலாவை வெறும் விறகுக் கணக்கில் எழுதிவிட்டுப் போக விடாதீர்கள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மண்டி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். ஒரு பெரியவர் தன் நாற்பது மரங்களுக்கும் பழைய கணக்கு நோட்டில் எந்த ஆண்டு எத்தனை காய் என்று எழுதி வைத்திருந்தார், பென்சிலில், எழுத்து மங்கிப்போய். அளவெடுக்க வந்தவர்கள் அந்த நோட்டை உட்கார்ந்து படித்தார்கள்.

குத்தகை நிலத்தில் பயிர் நிற்கும்போது எடுத்தால்?

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், நெய்வேலி நிறுவனத்துக்குக் கால்வாய் வெட்டுவதற்காக நெற்பயிர் நின்ற வயலில் பொக்லைன்கள் இறங்கியதை மறக்க முடியாது. ஏற்கெனவே எடுக்கப்பட்ட நிலம் என்பது ஒரு தரப்பு. விதைத்தவன் கண்ணுக்கு அது பயிர்.

குத்தகைப் பத்திரத்தில் "எடுக்கப்படும் அன்று நிற்கும் பயிருக்கு உரிய இழப்பீடு முழுவதும் பயிரிட்டவரைச் சேரும்" என்று ஒரு வரி சேருங்கள். இழப்பீடு வாங்கிய நிலத்தில் அடுத்த போகம் விதைப்பதற்கு முன், சுவாதீனம் எடுக்கும் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் பாதியை மட்டும் எடுக்கிறார்கள். மீதியை வைத்து என்ன செய்வது?

2013 சட்டத்தில் 94-ஆவது பிரிவு இருக்கிறது. வீடு, கட்டடம், தொழிற்கூடம் ஆகியவற்றில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க நினைத்தால், முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உரிமையாளர் கேட்கலாம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில், மீதி நிலம் துண்டாகிப் பயனிழந்ததற்குத் தனி இழப்பீடு கேட்கலாம். இரண்டையும் எழுத்தில், ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

நிலம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது.

சொத்து மாற்றச் சட்டத்தின் 73-ஆவது பிரிவுப்படி, அடமானம் பிடித்தவர் தன் கடனை இழப்பீட்டிலிருந்து கேட்கலாம். உங்கள் அடமானப் பத்திரத்தில் "நிலுவை போக மீதி உடனே உரிமையாளருக்கு" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஏக்கர் அடமானத்தில் அரை ஏக்கர் போனால் மொத்தக் கடனுக்கும் அந்தப் பணத்தைப் பிடிப்பார்களா, விகிதப்படியா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கிரய உடன்படிக்கை போட்டிருக்கிறோம், பதிவு ஆகவில்லை. இடையில் அறிவிக்கை வந்துவிட்டது.

2013 சட்டப்படி முதல்நிலை அறிவிக்கைக்குப் பிறகு அந்த நிலத்தில் எந்தப் பரிமாற்றமும் செய்யக் கூடாது, வில்லங்கமும் ஏற்படுத்தக் கூடாது. ஆட்சியர் சிறப்புச் சூழலில் விலக்குத் தரலாம். அதனால் உடன்படிக்கை எழுதும்போதே, இடையில் நில எடுப்பு வந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று சேர்க்க வேண்டும்.

பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தவர்களும் கவனிக்க வேண்டும். இழப்பீட்டைப் பெறும் அதிகாரம் முகவருக்கு இல்லை என்று தெளிவாக எழுதுங்கள்.

பெட்ரோல் பங்குக்கும் செல்போன் கோபுரத்துக்கும் இடம் விட்டிருக்கிறோம். அதில் ஷரத்து இருக்கிறதா?

அநேகமாக இருக்கும், ஆங்கிலத்தில், பதினைந்தாம் பக்கத்துக்கு மேல். நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்காக எழுதியது. கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

புதுச்சேரியில் நிலம். அங்கும் இதேதானா?

2013 சட்டமும் தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் அங்கும் உண்டு. தமிழ்நாட்டின் தனிச் சட்டங்கள் மூன்றும் கிடையா. பாகூர்ப் பக்கம் ஒரே குடும்பத்தின் வயல்கள் எல்லைக்கு இரு புறமும் இருக்கும். ஒரே சாலைக்கு இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கு அலைய வேண்டிவரும். பிரெஞ்சுக் காலப் பத்திரங்களும் பிரான்ஸில் இருக்கும் வாரிசுகளும் உள்ள குடும்பங்கள், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை இப்போதே எழுதிக்கொள்வது நல்லது.

தொகை குறைவு. வாங்கலாமா, மறுக்கலாமா?

வாங்குங்கள். ஆனால் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த வார்த்தை இல்லாமல் வாங்கியவர் 2013 சட்டத்தின் கீழ் கூடுதல் கேட்டு மேலே போக முடியாது. உத்தரவு பிறப்பித்த அன்று நேரில் இருந்தவருக்கு மேலே போக 6 வாரம்தான். நெடுஞ்சாலை எடுப்பில் நடுவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர்.

எங்கள் ஒப்பந்தத்தில் இப்படி எதுவுமே இல்லை. நோட்டீஸும் வந்துவிட்டது. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. உத்தரவு வருவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து, யாருக்கு எது என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நில எடுப்பைக் கவனிக்கும் தனி வட்டாட்சியரிடம் கூட்டு மனுவாகக் கொடுங்கள். மேலே சொன்ன 75-ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. உத்தரவு வந்துவிட்டாலும் நீதிமன்றத்தில் சமரச மனு கொடுக்கலாம்.

பெரியப்பாவும் தம்பியும் கடைசியில் அதைத்தான் செய்தார்கள். மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில், தம்பி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு வந்தார். பெரியப்பா அதை வாங்கி வைத்துவிட்டு, "ஓட்டுக்கும் ஷட்டருக்கும் எவ்வளவு ஆயிற்று, சொல்" என்றார். அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து கணக்கெழுதினோம். அடுத்த வாய்தாவில் மனு போட்டோம். மீதமிருந்த ஏழு அடியில் மேடையைத் திருப்பிப் போட்டு இப்போதும் டீக்கடை நடக்கிறது. புதிய வாடகை ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன். அட்டவணையில் முதல் வரி ஷட்டர், அதற்கு நேரே தம்பியின் பெயர்.